இவருக்காகக் கட்டிய வண்டி

நவம்பர் 9, ஞாயிறு

"காலிப் பொட்டியாங்க?" என்று கூரியர்காரர் கேட்டார். ஆறடி நீளப் பெட்டியை ஒற்றைக் கையில் தூக்கி வந்த மனிதருக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? உள்ளே கார்பன் ஃபிரேம். அதிர்ச்சியைத் தாங்கும் பின்பக்க ஷாக்கோடு சேர்த்து சமையல் தராசில் வைத்தேன். இரண்டு கிலோவைத் தொடவில்லை. இரண்டு முறை எடை போட்டேன். தராசைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறையும் போட்டேன்.

இது இவருக்காக. இவர் என்றால் தாமோதரன், என் வீட்டுக்காரர். ஒன்பது வருடமாக மலை சைக்கிள் பந்தயங்களில் ஓடியவர். மார்ச்சில் ஏற்காட்டில் விழுந்து முழங்கால் தசைநார் அறுந்து, ஆபரேஷன் ஆகி, அன்றிலிருந்து பேங்க் விட்டால் சோபா, சோபா விட்டால் சமையலறை. ஜனவரி கடைசி ஞாயிறு கோத்தகிரிப் பந்தயம். அதற்குள் முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் வைத்த, பஞ்சு மாதிரி ஒரு வண்டியை என் கையால் கட்டி இவர் முன்னால் நிறுத்திவிட்டால் மனிதர் எழுந்துவிடுவார். எழுந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் இந்த மனிதர் இப்படியே ரசம் வைத்துக்கொண்டு கிழவராகிவிடுவார்.

நான் பந்தயக்காரி இல்லை. பம்புசெட் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. பந்தயங்களில் இவருக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டுகிற வேலை. இவர் வண்டிகளைக் கழற்றி மாட்டுகிற வேலை. அது போதும்.

நவம்பர் 11, செவ்வாய்

ஜெசிந்தா ஃபோன் செய்தாள். பள்ளியில் பி.டி. டீச்சர், ஊருக்கு வெளியே தடாகம் பக்கம் எங்களோடு சைக்கிள் ஓட்டுகிறவள், வாய் சும்மா இருக்காது.

"அண்ணனுக்கு L சைஸ்தானேக்கா?"

"M வாங்கிட்டேன். L வர ஒரு மாசம் ஆகும்னாங்க. M-னா வளைவுல சுறுசுறுப்பா திரும்பும். எடையும் கம்மி."

"ஆறடி மனுசனுக்கு M-ஆ? அண்ணன் காலக் கழுத்துல போட்டுட்டா ஓட்டுவாரு?"

சீட்டை ஏற்றினால் சரியாகிவிடும் என்றேன். உண்மையிலேயே சரியாகிவிடும். நிறைய பேர் சின்ன ஃபிரேமை விரும்பித்தான் ஓட்டுகிறார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

சாப்பாட்டு மேசை இனி சாப்பாட்டுக்கு இல்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாட்டினேன். கார்பனில் போல்ட்டை இஷ்டத்துக்கு முறுக்கினால் முடிந்தது கதை, ஒரு 'டிக்' சத்தம், அப்புறம் அழவேண்டியதுதான். முறுக்கின் அளவு காட்டும் ஸ்பேனரைக் கம்பெனி ஸ்டோரில் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். குறித்த அளவு வந்ததும் கைக்குள் ஒரு சின்ன துள்ளல் தெரியும். அந்தத் துள்ளல் எனக்குப் பிடிக்கும்.

இவர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிட்டார். ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. ஆசையை அடக்கிக்கொண்டு இருக்கிறார், எனக்குத் தெரியாதா?

நவம்பர் 20, வியாழன்

ஹேண்டில்பாரை அறுத்தேன். கார்பனுக்குப் பல் நுணுக்கமான பிளேடு வேண்டும், தூள் பறக்காமல் இருக்க ஈரத்துணி வேண்டும். இரண்டு பக்கமும் மூன்று விரல்கடை எடுத்துவிட்டேன். கையை வைத்துப் பார்த்தால் அவ்வளவு பாந்தம், தோள் இழுக்கவில்லை.

அறுத்து முடித்த பிறகுதான் இவர் தோள் அகலம் ஞாபகம் வந்தது. அறுத்ததை ஒட்டவா முடியும். மரங்களுக்கு நடுவில் புகுந்து போகக் குறுகலாக இருப்பது நல்லதுதான்.

நவம்பர் 23, ஞாயிறு

முழுநாளும் பிரேக். எண்ணெய்க் குழாயில் ஒரு குமிழி இருந்தாலும் லிவர் சொதசொதவென்று போகும். ஊசி வைத்து எண்ணெய் ஏற்றி, குழாயைத் தட்டித் தட்டிக் குமிழிகளை விரட்டினேன். இவர் வந்து தண்ணீர் வைத்துவிட்டுப் போனார். அதையும் எண்ணெய்க் கையோடு குடித்தேன்.

லிவரை என் விரல் எட்டும் தூரத்துக்கு உள்ளே இழுத்து வைத்தேன். பிறகு இவர் மாற்றிக்கொள்ளலாம்.

நவம்பர் 29, சனி

முழு வண்டியாகிவிட்டது. பத்தரைக் கிலோ!

இவரைக் கூப்பிட்டேன். இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். "பரவால்லயே அம்மிணி, பூவாட்டம் இருக்குது" என்றார். அடுப்பில் குக்கர் கூவியது. மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போய் அணைத்தார். திரும்பி வரவில்லை.

ஏறிப் பார்ப்பார் என்று நினைத்தேன். டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை, அதனால்தான். டாக்டர் சொன்னால் கேட்கிற ஆள்.

டிசம்பர் 2, செவ்வாய்

ஷாக்குக்குக் காற்று. இதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஆள் ஏறி உட்கார்ந்தால் ஷாக் தன் முழு ஓட்டத்தில் கால் பங்கு மட்டும் அமுங்க வேண்டும். தண்டில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஏறுவதற்கு முன்னால் அதை அடிவரை தள்ளிவிட்டு, ஏறி உட்கார்ந்து, ஆடாமல் இறங்கினால் எவ்வளவு அமுங்கியது என்று வளையம் நின்ற இடம் சொல்லிவிடும். காற்று ஓட்டுகிறவரின் எடைக்குத் தகுந்த மாதிரி.

இவர் ஃபிசியோவுக்குப் போயிருந்தார். அதனால் நானே சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்து வைத்தேன். தற்காலிகமாகத்தான்.

டிசம்பர் 7, ஞாயிறு

புது வண்டியைச் சோதிக்காமல் ஒருவரிடம் கொடுக்கக் கூடாது. பம்பையே நாங்கள் தண்ணீர் ஓட்டிப் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை. விடிந்ததும் தடாகம் போனேன். பழைய செங்கல் சூளைக்குப் பின்னால் மண் எடுத்த பள்ளங்களுக்குள் ஏறி இறங்கும் தடம். யானை வந்ததா என்று முந்தைய நாளே டீக்கடையில் கேட்டு வைத்துக்கொண்டேன்.

ஒரு சுற்று போதும் என்று போனவள். பின் கியர் ஒரு பல்லில் தயங்கியது, அதைத் திருப்பி இன்னொரு சுற்று. பிறகு சீட் அரை விரல் உயரம், இன்னொரு சுற்று. மணி பார்த்தால் பத்து.

வீட்டில் இவர் தோசைமாவு அரைத்து வைத்திருந்தார். "எப்பிடிப் போச்சு?" என்றார்.

"கியர் இன்னும் சரியாகுல."

"அப்ப நாளைக்கும் போவியா?"

போகத்தான் வேண்டும் என்றேன்.

டிசம்பர் 10, புதன்

வேலைக்கு முன் ஒரு மணி நேரம். கியர் சரி. டயரில் காற்றைக் குறைத்துப் பார்த்தேன். செம்மண்ணில் ஒட்டிக்கொண்டு ஏறுகிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

அமுங்கிய ஷாக் எவ்வளவு வேகமாக எழும்ப வேண்டும் என்பதற்கு ஒரு சிவப்புத் திருகு. வேகம் அதிகமானால் வண்டி குதிரை மாதிரி தூக்கிப் போடும். குறைந்தால் அடுத்தடுத்த மேட்டில் அமுங்கியே கிடக்கும். ஒரு சொடுக்கு மாற்றுவது, அதே தடத்தை ஓட்டுவது, மறுபடி ஒரு சொடுக்கு. ஐந்தாவது தடவையில் மேடுகள் எல்லாம் எனக்குக் கீழே தானாக ஓடிப்போயின. நான் சத்தமாகச் சிரித்தேன் போல. பக்கத்தில் மாடு மேய்த்தவர் திரும்பிப் பார்த்தார்.

பேடு வைத்த டிரவுசர் ஒன்றும் வாங்கினேன். சோதனை நீளமாகப் போகிறதே.

டிசம்பர் 21, ஞாயிறு

தடத்தில் ஜெசிந்தாவைப் பார்த்தேன். ஏற்றத்தில் பின்தங்காமல் அவளை ஒட்டியே ஏறிவிட்டேன்.

"ஏக்கா, வண்டிய டெஸ்ட் பண்றீங்களா, இல்ல உங்களையா?"

"உங்கண்ணனுக்கு டாக்டர் ஓகே சொல்ற வரைக்கும்."

"அண்ணன் ஃபிரெண்டு பிறந்தநாளுக்குக் கேக் செஞ்சு குடுத்துட்டு இருக்காரு. முந்தாநாள் பாத்தேன். முகமே தெளிவா இருக்குது."

அது எனக்குத் தெரியாது. கேக் செய்யத் தெரியும் என்பதே தெரியாது. மனச்சோர்வை மறைக்க மனிதர்கள் எதையாவது செய்வார்கள்தான்.

ஜனவரி 3, சனி

டாக்டர் முழங்காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "தாராளமா ஓட்டலாம், கோத்தகிரிக்கே போலாம்" என்றார். எல்லாம் நான் நினைத்தபடியே நடக்கிறது. வரும் வழியில் ஸ்வீட் வாங்க நினைத்தேன், மறந்துவிட்டேன். தலைவலி. சீக்கிரம் படுக்கிறேன்.

ஜனவரி 4, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தி இவரைக் கூப்பிட்டேன். இவர் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஹேண்டில்பாரை முட்டிக்கொண்டு நின்றன. சீட்டை ஏற்றலாம் என்று பார்த்தால், சீட்டுக் கம்பியின் அடியை ஒரு சாண் அறுத்தது நான்தான். எடை குறைய. இனி ஏற்ற இடமில்லை. லிவர் இவர் விரலுக்கு ரொம்பக் கிட்டே. ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கியவர் குனிந்து ஷாக்கைப் பார்த்தார். ரப்பர் வளையம் தண்டின் கோடியில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. கால் பங்கு அமுங்க வேண்டியது முழுக்க அமுங்கி இடித்திருக்கிறது.

நானும் பார்த்தேன்.

"கோதை, என்ற எடை எம்பத்து நாலு" என்றார்.

"தெரியும்."

"இது அம்பத்தெட்டுக்கு வெச்ச காத்து."

"மாத்தலாம். பம்பு உள்ளதான் இருக்குது."

"ஃபிரேமயும் மாத்துவியா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, படியில் உட்கார்ந்து சிரித்தார். பூங்கோதை என்கிற நான், இருபது வருடமாக அளவெடுத்துச் சம்பளம் வாங்குகிறவள், ஒரு அளவைக்கூட இவரை வைத்து எடுக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உங்களுக்காக ரெண்டு மாசம் கையெல்லாம் கிரீஸாத் திரிஞ்சா, சிரிக்கறீங்களா?" என்று கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

ஜனவரி 5, திங்கள்

பேசவில்லை. ரசம் நன்றாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

இன்று இவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார். வண்டி எங்களுக்கு நடுவில் மேசை மேல் கிடந்தது. காற்றை ஏற்றுவதற்காக நான்தான் எடுத்து வைத்திருந்தேன். இன்னும் ஏற்றவில்லை.

"ஆஸ்பத்திரில படுத்துட்டு இருக்கறப்பவே முடிவு பண்ணிட்டேன், ரேஸ் போதும்னு. பயமெல்லாம் இல்ல. போதும், அவ்வளவுதான். ஒரு ஏக்கமும் இல்ல."

"அப்பறம் ஏன் சொல்லுல? பொட்டி வந்தன்னிக்கே சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லலாம்னுதான் சமையக்கட்டுக்கு வந்தேன். நீ ஃபிரேமைத் தராசுல வெச்சு எடை பாத்துட்டு, தனியா சிரிச்சுட்டு இருந்த. கல்யாணமாகிப் பதிமூணு வருசத்துல அந்தச் சிரிப்ப நான் பாக்குல. சத்தங்காட்டாமப் போயி உக்காந்துட்டேன்."

நான் பம்பைக் கையில் எடுத்தேன். இவர் சொன்னார்: "கோத்தகிரிக்குப் பேரு குடு. நீயே ஓட்டு."

அங்கேதான் மறுபடி கோபம் வந்தது. "எனக்கு ஒண்ணும் யாரும் விட்டுக்குடுக்க வேண்டாம்."

"விட்டுக்குடுக்க அது என்னோடதா மொதல்ல?"

பம்பைக் கீழே வைத்தேன். எழுந்து போய்ப் படுத்துக்கொண்டேன். எனக்கு நாற்பத்தோரு வயது. பொம்பளைங்க பிரிவில் பாதிப்பேர் கல்லூரிப் பிள்ளைகள். சிரிப்பார்கள். அதைவிட மோசமானது ஒன்று உண்டு: முன்னணியில் போகிறவள் ஒரு முழுச் சுற்று நம்மைத் தாண்டிவிட்டால், விசில் ஊதி ஓரமாக நிறுத்திவிடுவார்கள். பந்தயம் அத்தோடு முடிந்தது. பாட்டிலோடு நிற்கும்போது அப்படி நிறுத்தப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கே பார்ப்பதென்று தெரியாமல் செயினைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

ஜனவரி 7, புதன்

பேர் கொடுத்துவிட்டேன். கம்பெனி கேன்டீனில் இருந்து, ஃபோனில். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

ஜனவரி 11, ஞாயிறு

இவரிடம் சொல்லவேண்டியதாகிவிட்டது, கோத்தகிரிக்குக் கார் ஓட்ட ஆள் வேண்டுமே. "அப்பிடியா?" என்று மட்டும் கேட்டார். ஆனால் பச்சைமலைக்குச் சுற்றுலா போகிறவர் மாதிரி மூன்று டப்பாவில் சாப்பாடு கட்டினார்.

தடம்: தேயிலைக்கு நடுவில் ஏற்றம், பிறகு காட்டுக்குள் இறக்கம். நாலு சுற்று. இறக்கத்தின் நடுவில் மூன்று பாறைகள் படிக்கட்டாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். அதைப் பார்த்ததும் என் கை தானாகப் பிரேக்கைப் பிடித்தது. இறங்கி, வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன். இலேசான வண்டியில் அது ஒரு வசதி.

ஜனவரி 18, ஞாயிறு

மறுபடி கோத்தகிரி. ஃபோர்க்கில் காற்றைக் கூட்டினேன், குறைத்தேன். சிவப்புத் திருகை அந்தப் பக்கம் இரண்டு சொடுக்கு, இந்தப் பக்கம் இரண்டு சொடுக்கு. பாறை கிட்டே வந்ததும் வண்டி முன்னால் கவிழ்கிற மாதிரி இருந்தது. இவர் பாறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. கேட்டால் சொல்வார் என்று தெரியும். நானும் கேட்கவில்லை.

ஜெசிந்தா என் வண்டியை வாங்கி ஓட்டிப் பார்த்தாள். என் எடைதான் அவளும். மூன்று பாறையையும் பேசிக்கொண்டே இறங்கினாள். "வண்டி நல்லா இருக்குதுக்கா" என்றாள். வண்டியில் கோளாறு இல்லை என்பது எனக்குப் போன வாரமே தெரியும். பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சக்கரம் உருளாது, உருளாத சக்கரம் கவிழ்க்கத்தான் செய்யும். தெரிந்து என்ன செய்ய. விரல் கேட்கவில்லை.

ஆறு தடவையும் நடந்தேன்.

ஜனவரி 24, சனி

போல்ட்டுகள் எல்லாம் பார்த்தாயிற்று. இனி முறுக்க ஒன்றுமில்லை. பயமாக இருக்கிறது. இதை இவரிடம் சொன்னேன். "ஒம்பது வருசமும் எனக்கு அப்பிடித்தான்" என்றார். ஒருநாளும் தெரிந்ததில்லை எனக்கு.

ஜனவரி 25, ஞாயிறு

கார் சீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். நோட்டு மடியில் இருக்கிறது, எழுத்து கோணலாக வரும்.

பதினொரு பேர் கிளம்பினோம். முதல் ஏற்றத்தில் ஏழாவதாக இருந்தேன். நம்பவே முடியவில்லை. பத்தரைக் கிலோ வண்டி என் காலுக்குக் கீழே தானாகவே ஏறியது. பிறகு காடு, பாறை. இறங்கி நடந்தேன். எனக்குப் பின்னால் வந்த மூன்று பேர் "சைடு, சைடு" என்று கத்திக்கொண்டு போனார்கள். இரண்டாவது சுற்றிலும் அதே கதை. நடப்பதில் முழுசாக ஒரு நிமிடம் போகிறது.

பாட்டில் நீட்டுகிற இடத்தில் இவர். பாட்டிலின் கழுத்தைத்தான் பிடித்து நீட்ட வேண்டும், அப்போதுதான் ஓட்டுகிறவர் நடுவைப் பற்றி இழுக்க முடியும். இவர் நடுவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். இழுத்தேன், விடவில்லை, கீழே விழுந்தது. "கழுத்த புடிங்க, கழுத்த!" என்று கத்திக்கொண்டே தண்ணீர் இல்லாமல் போனேன். ஒன்பது வருடம் என் கையிலிருந்து வாங்கியவர்.

மூன்றாவது சுற்று, ஏற்றத்தின் உச்சியில் இவர் குறுக்கே ஓடி வந்து நின்றார். காலை இழுத்து இழுத்து ஓடியிருக்கிறார். "கோதை, பின்னால மஞ்ச ஹெல்மெட் புள்ள! முன்னணி! கிட்ட வந்துட்டா! அவளுக்கு முன்னால கோட்டத் தாண்டிரு!"

திரும்பிப் பார்த்தேன். தேயிலைக்கு நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. கணக்குப் போட நேரம் தேவைப்படவில்லை. பாறையில் இறங்கி நடந்தால் அந்த நிமிடத்தில் அவள் என்னைத் தாண்டிவிடுவாள், விசில் ஊதிவிடுவார்கள், நான் செயினைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

காட்டுக்குள் நுழைந்தேன். பாறை வந்தது. விரல் பிரேக்கில் இருந்தது. எடுத்தேன். இதை எப்படிச் செய்தேன் என்று கேட்டால் தெரியாது. எடுத்தேன், அவ்வளவுதான். முன்சக்கரம் கீழே போனது, வயிறு மேலே வந்தது. ஒன்று. பின் ஷாக் அமுங்கி எழுந்தது. இரண்டு. மூன்றாவதில் யாரோ கத்தினார்கள், அது நான்தான். பிறகு ஈர மண், வேர்கள், வெளிச்சம். கண்ணில் தண்ணீர் வந்து தடம் மங்கலாகத் தெரிந்தது. சந்தோஷம். வேறு பேர் வைக்கத் தெரியவில்லை.

மூன்றாவது சுற்றை முடித்துக் கோட்டைத் தாண்டினேன். மூச்சுச் சத்தம் கேட்கிற தூரத்தில் பின்னால் வந்த அந்தப் பெண் தன் நாலாவது சுற்றை முடித்துப் பந்தயத்தை ஜெயித்தாள். மைக்கில் அவள் பேரைச் சொன்னார்கள், கூட்டம் கைதட்டியது. விசில் வைத்திருந்தவர் என்னைப் பார்த்தார், பிறகு முன்னால் கையைக் காட்டினார். "உங்களுக்கு இன்னொரு சுத்து இருக்குதுங்க, போங்க."

நாலாவது சுற்றில் எனக்குப் பின்னால் யாருமில்லை. பாறையில் இறங்கி நடந்திருக்கலாம், கேட்க ஆளில்லை. ஓட்டினேன்.

பதினொரு பேரில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்களாம். ஒன்பது பேர் முடித்தோம். நான் ஒன்பதாவது. இவர் பக்கத்தில் வந்து நின்றார், வாயைத் திறந்தால் அழுதுவிடுவார் போல இருந்தது, அதனால் பாட்டிலை நீட்டினார். கழுத்தைப் பிடித்து. நான் குடித்துவிட்டு வண்டியை அப்படியே போட்டுவிட்டுப் புல்லில் மல்லாந்து படுத்தேன்.

அமைப்பாளர் பையன் ஒருவன் அவசரமாக வந்தான். "ஏனுங்க, ஆம்பளைங்க ரேஸ் ஆரம்பிக்குது. வழியில கெடக்கற இந்த வண்டி யாருதுங்க?"

பழக்கதோஷத்தில் இவர்தான் வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"என்னுதுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் எடுத்தேன்.